கொப் மலையில் ஒரு நிந்தவூர்க் கல்யாணம்

துருக்கியில் நான் படித்த நகரத்துக்கு எர்சுரூம் என்று பெயர். இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரில் என்னை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் துருக்கி என்றால் இஸ்தான்புல் என்றே நினைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போய் இறங்கியதோ நாட்டின் கிழக்கே, சுற்றிவர மலைகள் நிற்கும் ஒரு மேட்டில். கடல் இருந்த திசையில் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் போனாலொழியக் கடலைக் காண முடியாது. பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் நான். முதல் கிழமை முழுக்க, எதையோ அணைக்க மறந்துவிட்டேனா, எதையோ போட மறந்துவிட்டேனா என்று படுக்கையில் எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். பிறகுதான் விளங்கியது, காது கடலைத் தேடியிருக்கிறது.

விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். இரண்டடுக்குக் கட்டில்கள். எனக்குக் கீழே நூர்குல், கிர்கிஸ்தான்காரி. வந்த முதல் நாளே என் பெட்டியிலிருந்த மாசிச் சம்பல் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய்க்கு ஓடினாள். அடுத்த நாள் காலை பாணோடு வந்து, “நேற்றைய அந்த நெருப்பில் இன்னும் கொஞ்சம் தா” என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் போத்தல் காலியானது. அதை முடித்தவள் அவள்தான்.

முதல் வருடம் முழுவதும் மொழிதான் படிப்பு. காலை எட்டரைக்கு வகுப்பு, மத்தியானம் உணவுச்சாலையில் பருப்பு சூப், அவித்த கோதுமைக் குறுணல், தயிர். எல்லாவற்றுக்கும் தயிர். பாண் மட்டும் அளவில்லாமல் எடுக்கலாம். எங்கள் வீட்டில் ஒருவர் மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொண்டால் உம்மா சந்தோஷப்படுவார். அங்கே நான் மூன்றாம் துண்டுப் பாணை எடுத்தபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “பாவம், இந்தப் பிள்ளையின் ஊரில் பாண் கிடையாது போல.” அன்று அது விளங்கும் அளவுக்கு எனக்கு மொழி வந்துவிட்டது. கோபத்தை விடச் சந்தோஷம்தான் வந்தது.

மொழி பாதி தெரிந்ததாகவே இருந்தது. கலெம் என்றால் பேனை, கித்தாப் என்றால் புத்தகம், துனியா என்றால் உலகம். சின்ன வயதில் பள்ளிவாசலில் ஓதிய சொற்கள் எல்லாம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்ததுபோல இருக்கும். ஆனால் பஸ்ஸில் அந்தச் சொற்கள் கைகொடுக்கவில்லை. இரண்டாம் நாள் நகர பஸ்ஸில் விடுதி வாசல் வந்ததும், கல்முனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது செய்வதுபோல எழுந்து, “இறக்கம்!” என்று சத்தம் போட்டேன். பஸ் நிற்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டுமாம். கடைசித் தரிப்பிடம் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலம் நடந்து வந்தேன்.

தேத்தண்ணியில்தான் ஊர் நினைவு அதிகம் வரும். அந்தப் பக்கத்தவர்கள் சீனியைத் தேத்தண்ணிக்குள் போட மாட்டார்கள். கல்லுப் போன்ற சீனிக் கட்டியை உடைத்து, கடைவாயில் அடக்கிக்கொண்டு, அதன் மேலாகத் தேத்தண்ணியை உறிஞ்சுவார்கள். மாவடிப்பள்ளி வயலில் வெள்ளாமை வெட்டும் நாட்களில் வாப்பாவும் வரம்பில் குந்தியிருந்து, சர்க்கரைத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இப்படித்தான் குடிப்பார். முதன்முதலில் ஒரு தேநீர்க் கடையில் அதைக் கண்டபோது, யாரென்றே தெரியாத ஐந்தாறு கிழவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாசி மாதம் ராத்தாவின் கல்யாணச் செய்தி வந்தது.

எனக்கு ஒரே ஒரு ராத்தா, அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை விட நான்கு வயது மூத்தவர். பேச்சு முன்னமே முடிந்திருந்தது. ஆடியில் நான் விடுமுறைக்கு வரும்போது நிக்காஹ் என்றுதான் ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. அவருக்கு ஒரு மாத லீவு இடையில் கிடைத்துவிட்டது. நோன்பு தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, எங்கள் வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். வெள்ளாமை வெட்டி முடிந்திருந்தது, எல்லோருக்கும் வசதி. எனக்கு மட்டும்தான் கல்யாணத்தை ஒட்டிப் பரீட்சை. அதைத் தவறவிட்டால் புலமைப்பரிசில் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் மூத்த மகளுக்கு எழுதப்படும். உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதெல்லாம் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும், ராத்தா போனில் திகதியைச் சொன்னபோது நான் சொன்னது இதுதான்:

“நம்மட அறைக்குள்ள ஆரையோ கொண்டு வந்து வெக்கப் போறீங்க. நான் வாற மட்டும் உங்களுக்குப் பொறுக்கேலாமப் போயிட்டு.”

நான் போனை வைத்துவிட்டேன். அதன்பின் ஒன்பது நாள் நாங்கள் கதைக்கவில்லை. சாரியின் படத்தை அனுப்பியிருந்தார். பார்த்தேன், பதில் போடவில்லை. மருதாணி வைத்த கையின் படம் வந்தது. அதற்கும் இல்லை.

கல்யாணத்தன்று விடுதி அறையில் தனியே இருக்க வேண்டாம் என்று ட்ராப்சோன் நகரத்தில் படித்த மூன்று இலங்கைப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் அக்கரைப்பற்று, ஒருத்தி காத்தான்குடி. பிரியாணி ஆக்குவோம், போனில் நிக்காஹ்வைப் பார்ப்போம், ஆசை தீரக் குரவை போடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். எங்களுக்கும் ஊருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். நிக்காஹ் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலரைக்கு, அதாவது எங்களுக்குப் பகல் இரண்டு மணி. ஒரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் ஹதிஜே. எங்கள் ஊர் கதீஜாதான். பாய்புர்ட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். பஸ் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் பையைத் திறந்துவிட்டார். நூல் நூலாகப் பிரியும் வெண்ணிறப் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஓடு உடைத்த அக்ரோட்டுப் பருப்பு. “சாப்பிடு, எலும்பாய் இருக்கிறாய்” என்றார். எங்கள் ஊர்ப் பெண்களாக இருந்தால், எந்தக் குடும்பம், ஆருடைய மகள் என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார்கள். இவர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

கொப் என்ற மலையில் ஏறும்போது பனி கொட்டத் தொடங்கியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பஸ் நின்றது. முன்னால் ஒரு லொறி வழுக்கி, பாதைக்குக் குறுக்கே கிடந்தது. சாரதி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொப்பியிலிருந்த பனியைத் தட்டியபடி சொன்னார்: “இயந்திரம் வந்து இழுக்க வேண்டும். எத்தனை மணிக்கு வரும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.” டீசலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்தார். பத்தரை மணி.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. யன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி பூத்தது. ஹதிஜே தன் சால்வையின் ஒரு பாதியை என் மடியில் போட்டார். பின்னால் ஒருவர், “எங்கள் காலத்தில் இதே இடத்தில் இரண்டு நாள் கிடந்தோம்” என்று சொல்ல, இன்னொருவர், “போன முறை ஒரு நாள் என்றாயே” என்றார். சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்து, ஒரு மணிக்குப் பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது. அதற்குச் சற்று முன் வந்த ஒரு குரல் பதிவு மட்டும் இருந்தது. சுகன்யா அனுப்பியது. பாண்டிருப்புக்காரி, கல்முனையில் என்னோடு ஒன்றாகப் படித்தவள். எனக்காகப் போனைப் பிடித்துக்கொள்ளக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள்.

“எங்க நிக்கிறா நீ? கோல் எடுத்தாப் போகுதில்ல. இஞ்ச உன்ட ராத்தா சொல்லிப் போட்டா, தங்கச்சி கதைச்சாத்தானாம் கையெழுத்து வெப்பா. உம்மா அழுறா, மாமிமார் ஏசுறாங்க, அவ அசையிறா இல்ல. மாப்பிள்ளை ஆக்கள் வெளிக்கிட்டுட்டாங்களாம். கெதியா எடு.”

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ, ஹதிஜே என் கையைப் பிடித்தார். “யாருக்கு என்ன?”

என்னிடம் இருந்த ஆறு மாதத் துருக்கியை வைத்துச் சொன்னேன். அக்கா. இன்று கல்யாணம். நான் கோபம். அக்கா காத்திருக்கிறாள். போன் இல்லை. வினைச்சொற்களை எல்லாம் தவறான காலத்தில் போட்டேன். நேற்று நடந்தது நாளை நடக்கும் என்றிருப்பேன். ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று பஸ் முழுவதற்கும் கேட்க, என்னை விட நல்ல துருக்கியில், கொஞ்சம் கூட்டியும் சொன்னார். “இந்தப் பிள்ளையின் அக்கா மணமேடையில் அழுதுகொண்டிருக்கிறாள்.”

ஆளுக்கு ஆள் போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சிக்னல் இல்லை. சாரதி மட்டும் தன் சட்டைப் பையிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்து, முன் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். “என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. பேட்டரிதான் இல்லை.” யோசித்தார். பிறகு என்ஜினை இயக்கி, போனை வயரில் செருகினார். “உன் கல்யாணத்துக்குப் போகட்டும் டீசல். வா, மகளே, முன்னுக்கு வா.”

அவருடைய இணைப்பில் என் போனைக் கோத்து வீடியோ அழைப்பு எடுத்தேன். முதல் தரம் போகவில்லை. இரண்டாம் தரமும் போகவில்லை. மூன்றாம் தரம் சுகன்யாவின் மூக்கும் எங்கள் வீட்டுச் சுவரும் தெரிந்தன.

“வந்திட்டா! வந்திட்டா, வழி விடுங்க!” என்று அவள் ஓடுவது தெரிந்தது. போனில் கூரை, பந்தல் துணி, யாரோ ஒருவருடைய தோள், பிறகு எங்கள் அறை. எங்கள் அறையின் நீலக் கதவருகே வாப்பா வெள்ளைச் சேட்டோடு நின்றார். அவர் பின்னால் சாட்சிக்கு வந்த இரண்டு பேர், பதிவுப் புத்தகத்தோடு. கட்டிலில் ராத்தா. எனக்குத் தெரிந்த ராத்தாவை அந்தச் சாரிக்குள் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சாரதி தானாகவே முகத்தைத் திருப்பிப் பனியைப் பார்க்கத் தொடங்கினார். மற்ற ஆண்களும் பின்னால் போனார்கள். பெண்கள் மட்டும் என்னைச் சூழ்ந்து நின்றார்கள்.

“எத்தன நாளைக்குக் கா கோவம்?” என்றார் ராத்தா, ‘அடி’ என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் அந்தக் ‘கா’வோடு.

“ஒன்பது நாள்.”

“எண்ணிட்டா இரிந்தா?”

“ஓம்.”

“நானும்தான்.” மூக்கை உறிஞ்சினார். “அழ வெக்காத. பூசினதெல்லாம் போயிடும். உனக்கு விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லு. நான் வாப்பாக்கிட்டச் சொல்றன்.”

வாப்பா வாசலில் நின்றபடி பந்தலைத் திரும்பிப் பார்த்தார். பந்தலில் மாப்பிள்ளை வந்து இருந்துவிட்டார் என்று யாரோ சொல்லும் சத்தம் கேட்டது. நான் வேண்டாம் என்றிருந்தால் ராத்தா சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இருபது வருடமாக ஒரே அறையில் படுத்தவர்களுக்கு அது தெரியும்.

“விருப்பம் ராத்தா,” என்றேன். “எனக்கு நீங்க இல்லாமப் போயிருவீங்க எண்டுதான் பயம்.”

“நான் எங்க கா போறன்? போனது நீ.”

வாப்பா தொண்டையைச் செருமினார். “மகள், கையெழுத்து வெக்கட்டா உன்ட ராத்தா?” என்று என்னைக் கேட்டார். வாப்பா என்னிடம் அனுமதி கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

“ஓம் வாப்பா.”

ராத்தா பேனையை எடுத்தார். கையெழுத்திட்டார். போனைப் பிடித்திருந்த சுகன்யாவின் கை ஆடியதால் எனக்கு அந்தக் கணம் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. மாமிமார், அயல் வீட்டுப் பெண்கள் எல்லோருமாக நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். சாரதியின் முன் கண்ணாடி வரை அது வந்து மோதியது.

என் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரவை எழும்பியது. திரும்பினால் ஹதிஜே. கையை வாயருகே வைத்து, கண்ணை மூடி, எங்கள் மாமியைத் தோற்கடிக்கும் நீளத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஊரிலும் கல்யாணத்துக்கு இப்படித்தானாம். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். நிந்தவூரில் ஒரு கணம் எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

“ஆரு கா அது?” என்று உம்மாவின் முகம் திரைக்குள் வந்தது.

“பஸ்ஸில வந்த ஆக்கள், உம்மா.”

“தேத்தண்ணி குடுத்தியா அவங்களுக்கு?” என்றார் உம்மா. இணைப்பு அத்தோடு அறுந்துவிட்டது.

தேத்தண்ணியைப் பஸ் நடத்துநர் கொடுத்தார், நரைத்த மீசைக்காரர். எல்லோருக்கும் ஊற்றிய பிறகு, எலுமிச்சை மணக்கும் வாசனைத் தண்ணீர்ப் போத்தலோடு வந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் தெளித்தார். அந்த நாட்டுப் பஸ்களில் எப்போதும் செய்வதுதான். அன்றைக்கு எனக்கு அது கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீராக இருந்தது. முகம் தெரியாத ஒரு கிழவர் எழுந்து துஆ ஓதினார். மணமக்களின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள்.

மூன்று மணிக்குப் பாதை திறந்தது. பாய்புர்ட்டில் ஹதிஜே இறங்கினார். தொலைபேசி இலக்கம் வாங்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்து இன்றும் கவலைப்படுவதுண்டு. ட்ராப்சோன் பிள்ளைகள் பிரியாணிச் சட்டியைத் துணியால் போர்த்தி வைத்துக் காத்திருந்தார்கள். குரவை போடச் சொன்னார்கள். எல்லாம் போட்டாயிற்று என்றேன். பிரியாணியில் ஏலக்காய் கூடிவிட்டது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆடியில் ஊருக்கு வந்தேன். எங்கள் சந்தியில் இறங்கியபோது கச்சான் காற்று வெக்கையாய் முகத்தில் அடித்தது. ஆறு மாதம் பனியைத் திட்டியவள், ஐந்து நிமிடத்தில் வெயிலைத் திட்டினேன். மச்சான் கத்தாருக்குத் திரும்பிப் போயிருந்தார். வாப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய வாசலைத் தாண்டி, மாமரத்தைச் சுற்றி, வளவின் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். இரண்டு அறை, ஒரு குசினி. சுவர் பூசியிருந்தார்கள், வண்ணம் அடிக்கவில்லை. சீமெந்து வாசம். “இதான் மகள் நம்மட வீடு,” என்றார் வாப்பா, பெட்டியை இறக்கிவிட்டு. பயணக் களைப்பு. நான் படுத்துத் தூங்கிவிட்டேன்.

எழும்பியபோது அஸர் ஆகியிருந்தது. மேசையில் ஒரு குழிந்த பீங்கான் கோப்பை, மேலே இன்னொரு கோப்பையால் மூடியிருந்தது. திறந்தேன். இறால் ஆணம், புட்டு. “ராத்தா குடுத்தனுப்பினா,” என்றார் உம்மா. எங்கள் ஊரில் அயல் வீட்டுக்குச் சாப்பாடு அப்படித்தான் மூடி அனுப்புவார்கள். அந்த மூடிய கோப்பையைப் பார்த்தபோது, பனிமலையில் வராத அழுகை அப்போது வந்தது. சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவினேன். அயல் வீட்டுக் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த அக்ரோட்டுகளை அதில் நிரப்பினேன்.

மாமரத்திலிருந்து முன்வீட்டுக்கு இருபது அடி கூட இல்லை. குசினி வாசலில் நின்று சலாம் சொன்னேன். அந்த வீட்டு வாசலில் நின்று நான் சலாம் சொல்லி உள்ளே கூப்பிடும்வரை காத்திருந்தது அதுதான் முதல் தரம்.

ராத்தா அடுப்படியிலிருந்து திரும்பினார். முகம் கொஞ்சம் வெளுத்து, வயிறு லேசாகத் தெரிந்தது. கையில் கோப்பையோடு நின்ற என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“வாங்க,” என்றார், விருந்தாளிக்குச் சொல்வதுபோல. “இரிங்க. அந்தக் கதிரையில இரிக்காதீங்க, அதுட கால் ஆடும்.”

“எனக்குத் தெரியாதா?” என்றேன். “அத உடைச்சதே நான்தானே.”

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்தது. ராத்தா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.